ஒரே நாட்டுக்குள் நோய்கள் ஏன் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகின்றன?

வாசகர் கேள்வி, மார்ச் 2

ஒரு நாட்டுக்குள் அரசு ஒன்று, சட்டம் ஒன்று, மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரையும் ஒன்று. அப்படியிருந்தும் ஒரு வட்டாரத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் குவிந்திருக்க, அடுத்த வட்டாரம் நலமாக இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை விடை எளிது: அங்குள்ளவர்கள் புகைக்கிறார்கள், குடிக்கிறார்கள், உடலை அசைப்பதில்லை. பழக்கத்தை விட்டால் நோய் விட்டுவிடும். மறுப்பவர்கள் எண்களோடு மறுக்கவும்.

மார்ச் 2, இரவு

பழக்கம் ஒரு காரணம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதோடு விசாரணையை முடித்துக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எண்களைக் கேட்டதால் கிளாஸ்கோவிலிருந்து தொடங்குகிறேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ, இங்கிலாந்தின் லிவர்பூல், மான்செஸ்டர் ஆகிய மூன்றும் பழைய தொழில்களை இழந்த பிரிட்டிஷ் நகரங்கள். வறுமையின் அளவும், அது நகருக்குள் பரவியிருக்கும் விதமும் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. டேவிட் வால்ஷும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, 65 வயதுக்கு முன்பே நேரும் இறப்பு மற்ற இரு நகரங்களைவிடக் கிளாஸ்கோவில் 30 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் 15 விழுக்காடு அளவுக்குக் கூடுதல். 65 வயதுக்கு முன்பே நேர்ந்த அந்தக் கூடுதல் இறப்பில் ஏறத்தாழப் பாதி மதுவோடும் போதைப்பொருளோடும் தொடர்புடையது.

இதைப் படித்ததும் "நான் சொன்னதுதானே" என்று நண்பர் கேட்கக்கூடும். வறுமை ஒன்றாக இருக்கும்போது கிளாஸ்கோ மக்களை மட்டும் மதுவும் போதையும் இவ்வளவு கடுமையாகத் தாக்கியது ஏன் என்ற கேள்வி அதன் பிறகுதான் எழுகிறது. அதே ஆய்வாளர்கள் 2016இல் தந்த விளக்கம் பல பத்தாண்டுகள் பின்னோக்கிச் செல்கிறது. நெரிசலான பழைய குடியிருப்புகள் ஒரு காரணம். இளம் குடும்பங்களையும் தொழில்திறன் உள்ளவர்களையும் புதுநகரங்களுக்குப் பெயர்த்துச் சென்ற அரசுக் கொள்கை மற்றொன்று; முதியோரும் வேலையற்றோரும் பழைய நகரிலேயே தங்கிவிட்டனர். 1980களில் நகராட்சி எடுத்த முடிவுகளையும் அவர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். குடிப்பவர் கையில் இருக்கும் கோப்பை கண்ணுக்குத் தெரிகிறது. அவருடைய அண்டை வீட்டார் எங்கே போனார்கள் என்பது எந்தப் படிவத்திலும் பதிவாவதில்லை.

மார்ச் 3

எண்களைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். வீடு வீடாகச் சென்று பெரியவர்களிடம் உடல்நலக் கேள்விகள் கேட்கும் கணக்கெடுப்புப் பணியில் நான் இருந்திருக்கிறேன்; பின்னர் அப்படிச் சேர்ந்த படிவங்களைச் சரிபார்க்கும் மேசையிலும் அமர்ந்திருக்கிறேன். வட்டார வேறுபாடு என்று நாம் வரைபடத்தில் காணும் அடர்நிறமும் வெளிர்நிறமும் எப்படி உருவாகின்றன என்பதை அங்கேதான் கற்றேன்.

இரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். உரிய முறைப்படி அளப்பதாக இருந்தால், அளக்கப்படுபவர் ஐந்து நிமிடமாவது பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கால்களைப் பின்னிக்கொள்ளாமல் பாதங்கள் தரையில் பட வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். கையில் சுற்றும் கருவிப் பட்டை கையின் பருமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மூன்று முறை அளந்து, முதல் அளவைத் தள்ளிவிட்டுப் பின் இரண்டின் சராசரியை எடுப்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்பு நடைமுறை. வீட்டுக்காரர் அப்போதுதான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அளவு ஏறும். தடித்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினாலும் ஏறும். ஒரு வட்டாரத்துக் களப்பணியாளர்கள் பொறுமையானவர்களாகவும் மற்றொரு வட்டாரத்தவர்கள் அன்றைய இலக்கை முடிக்கும் அவசரத்தில் இருப்பவர்களாகவும் அமைந்துவிட்டால், அந்த அவசரமும் வட்டார வேறுபாடாகப் பதிவாகிவிடும். மேசையில் படிவங்களைப் புரட்டும்போது 120, 130, 140 என்று பூச்சியத்தில் முடியும் எண்கள் ஓரிடத்திலிருந்து மட்டும் வரிசையாக வந்தால் அந்தக் கட்டைத் தனியே எடுத்து வைப்போம். உடம்பு அப்படி முழுப் பத்துகளில் ஓடுவதில்லை.

அளப்பதைவிடக் கேட்பது சிக்கலானது. "உங்களுக்கு இரத்த அழுத்தம் இருப்பதாக மருத்துவரோ செவிலியரோ எப்போதாவது சொன்னதுண்டா?" என்று ஒரு பெண்மணியிடம் கேட்டேன். இல்லை என்று உறுதியாகச் சொன்னார். பட்டையைக் கட்டி அளந்தபோது மூன்று முறையும் மிக உயர்ந்த அளவே வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அழுத்தத்தை அதற்கு முன் யாரும் அளந்ததே இல்லை. கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நாங்கள் எழுந்து வந்திருந்தால், அவர் தம் வட்டாரத்தின் நலமானவர்கள் பட்டியலில் சேர்ந்திருப்பார்.

மார்ச் 3, சற்று நேரம் கழித்து

வயதைச் சொல்ல விட்டுப்போனது. முதியோர் மிகுந்த வட்டாரத்தில் மாரடைப்பும் புற்றுநோயும் இயல்பாகவே கூடுதல். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் இறப்பு வீதத்தையும் அலாஸ்காவின் இறப்பு வீதத்தையும் அப்படியே அருகருகே வைத்தால், ஃப்ளோரிடா கொடிய இடம்போலத் தோன்றும். ஓய்வுபெற்றவர்கள் திரளாகக் குடியேறும் மாநிலம் அது. இரு இடங்களின் வயது வேறுபாட்டை ஈடுகட்டிக் கணக்கிடாமல் தரப்பட்ட எந்த வட்டார ஒப்பீட்டையும் நம்ப வேண்டாம்.

மார்ச் 5

கேட்கும் கேள்விக்கும் அளக்கும் கருவிக்கும் உள்ள இடைவெளி நாட்டளவில் எவ்வளவு பெரிதாகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அமர்த்தியா சென் 2002இல் எடுத்துக்காட்டிய இந்திய நிலவரமே போதுமான விடை. சராசரி ஆயுளில் கேரளம் பீகாரைவிட வெகுதூரம் முன்னே நிற்கிறது. ஆனால், தமக்கு நோய் இருப்பதாகத் தாமே சொல்லும் மக்களின் வீதமும் கேரளத்தில்தான் மிக அதிகம். எழுத்தறிவும் மருத்துவ வசதியும் கூடக்கூட, மக்கள் தம் உடல்நிலையை நோயென்று அடையாளம் காணக் கற்கிறார்கள். மருத்துவமனையே எட்டாத இடத்தில் மூட்டுவலியும் மூச்சிரைப்பும் முதுமையின் இயல்பு என்று கடந்துபோகின்றன. தன்னறிக்கையை மட்டும் வைத்து நிதி ஒதுக்கினால், மிகவும் தேவைப்படும் மக்களுக்குத்தான் மிகக் குறைவாகப் போய்ச் சேரும். எனக்கு இதில் உள்ள கவலை வெறும் புள்ளியியல் கவலை அன்று.

இரத்தத்தைச் சோதித்தே அறிந்த கணக்கும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் நடந்து 2023இல் வெளியான நீரிழிவு ஆய்வில், இந்தியா முழுவதுமாக 1,13,043 பேர் இடம்பெற்றனர். நாட்டளவில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. கோவாவில் அது 26.4, உத்தரப் பிரதேசத்தில் 4.8. இதைக் கண்டதும் உத்தரப் பிரதேசம் தப்பிவிட்டது என்று எண்ணத் தோன்றும். அதே ஆய்வில் அங்கே நீரிழிவுக்கு முந்தைய நிலையில், அதாவது சர்க்கரை இயல்பைவிட உயர்ந்தும் நீரிழிவின் அளவை எட்டாமல் இருப்போர், நோயாளிகளைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தனர். நோய் முற்றிய வட்டாரமும் நோய் வந்துகொண்டிருக்கும் வட்டாரமும் ஒரே வரைபடத்தில் சிவப்பாகவும் பச்சையாகவும் நிற்கும்போது, பச்சைக்குள் நடப்பதைப் பார்க்க இரண்டாவது வரைபடம் ஒன்று வேண்டியிருக்கிறது.

மார்ச் 6

"அப்படியானால் பழக்கத்துக்கு மதிப்பே இல்லையா? எல்லாம் அளவீட்டின் மாயமா?" என்று முதல் கேள்வியைக் கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். அவர் கேட்டது நியாயம். நான் இதுவரை ஒரு பக்கத்தையே அழுத்திச் சொல்லியிருக்கிறேன்; மறுபக்கத்தையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும்.

பின்லாந்தின் கிழக்கு எல்லையில் உள்ள வடக்குக் கரேலியா மாகாணத்தில், 1970களின் தொடக்கத்தில் உழைக்கும் வயது ஆண்கள் இதயநோயால் இறப்பது உலகிலேயே மிக உயர்ந்த அளவை எட்டியிருந்தது. அதே நாட்டின் மேற்குப் பகுதியில் நிலைமை அவ்வளவு மோசமாக இல்லை. 1950களின் இறுதியில் தொடங்கிய ஏழு நாடுகளின் ஒப்பீட்டு ஆய்விலேயே அந்தக் கிழக்கு மேற்கு இடைவெளி தெரிந்துவிட்டது. 1971இல் மாகாணப் பிரதிநிதிகளே ஒன்றுகூடி, எங்களுக்கு உதவுங்கள் என்று அரசுக்கு மனு அளித்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் திட்டம் தொடங்கியது. அப்போது ஆண்களில் பாதிக்கு மேல் புகைத்தனர்; ரொட்டியில் வெண்ணெயைத் தடித்துப் பூசுவதும் கொழுப்பு நீக்காத பாலை உணவோடு அருந்துவதும் பால்பண்ணை நாட்டின் அன்றாடம். இரத்தக் கொழுப்பு அவ்வளவு உயரத்தில் இருந்ததற்கு அதுவே பெரும் காரணம்.

புஸ்காவின் குழு செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் அவர்கள் மக்களைக் கடிந்துகொண்டு நிற்கவில்லை. மார்த்தா என்ற இல்லத்தரசியர் அமைப்போடு சேர்ந்து ஊர் ஊராகச் சமையல் மாலைகளை நடத்தினார்கள்; பழகிய உணவையே குறைந்த கொழுப்பில், குறைந்த உப்பில் சமைத்து எல்லோரும் ஒன்றாக உண்டார்கள். செவிலியர்கள் இரத்த அழுத்த நோயாளிகளுக்குப் பதிவேடு வைத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். பால் விற்பனை குறைந்தால் வாழ்வு போகும் என்று அஞ்சிய பண்ணையாளர்களுக்கு, அந்தக் குளிர்நிலத்தில் நன்றாக விளையும் பெர்ரிப் பழச் சாகுபடி மாற்றுவழியாகக் காட்டப்பட்டது. கடையில் வாங்கக் கிடைப்பது மாறியது. அதன் பின் தட்டில் வைப்பது மாறியது. சுமார் 40 ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் இறப்பு 80 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்ட பக்கத்து மாகாணமான குவோப்பியோவிலும் இறப்பு வெகுவாகக் குறைந்தது. விரைவிலேயே முயற்சி நாடு முழுவதற்கும் விரிந்துவிட்டது. ஆகவே சரிவில் எவ்வளவு பங்கு அந்தத் திட்டத்துக்கு உரியது என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இருந்துவருகிறது. பழக்கம் மாறினால் வட்டாரத்தின் விதி மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு மாகாணமே எழுந்து நிற்க வேண்டியிருந்தது என்பதையும் அதே சான்று சொல்கிறது.

மார்ச் 8

ஜப்பானையும் கேட்டார்கள். வடக்கே அகிதா மாகாணத்தில் நீண்ட குளிர்காலத்துக்காக உப்பிட்டுப் பதப்படுத்திய உணவே பிரதானமாக இருந்தது. ஒருவர் நாளொன்றுக்கு 20 கிராமுக்கு மேல் உப்பு உண்டதாக 1950களின் மதிப்பீடுகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைப்பது 5 கிராமுக்குள். நடுவயதிலேயே பக்கவாதத்தில் விழுவது அங்கே வழக்கமாகியிருந்தது. 1960களின் தொடக்கத்திலிருந்து அம்மாகாணத்தின் இகாவா போன்ற ஊர்களில் எல்லோருக்கும் அழுத்தம் அளந்து, தேவைப்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்து, உப்பைக் குறைக்கக் கற்றுக்கொடுத்தார்கள், பக்கவாதம் குறைந்தது. தெற்கே ஒகினாவாவில் கதை தலைகீழ். நீண்ட ஆயுளுக்குப் புகழ்பெற்ற அந்தத் தீவுகள், 2000ஆம் ஆண்டுக் கணக்கில் ஆண்களின் சராசரி ஆயுளில் 47 மாகாணங்களுள் 26ஆம் இடத்துக்கு இறங்கின. முதியவர்கள் நெடுநாள் வாழ்ந்துகொண்டிருக்க, பின்னால் வந்த தலைமுறையின் உணவும் உடல் எடையும் மாறிவிட்டிருந்தன. நல்ல வட்டாரம் என்ற பெயர் ஒரு தலைமுறையிலேயே கைவிட்டுப் போகக்கூடியது.

மார்ச் 9

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைப் 'பக்கவாதப் பட்டை' என்று அழைப்பது 1960களிலிருந்து வழக்கம். அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா, இரு கரோலினாக்கள் முதலியவை அதில் அடங்கும். காரணத்தை அறிய 2003இல் தொடங்கிய ரிகார்ட்ஸ் ஆய்வு, 45 வயதுக்கு மேற்பட்ட 30,000க்கும் அதிகமானோரைத் தொடர்ந்து வருகிறது. பொரித்த உணவு, பதப்படுத்திய இறைச்சி, இனிப்புப் பானம் ஆகியவை மிகுந்த தென்மாநில உணவுமுறைக்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு இருப்பதை அது காட்டியது. ஆயினும் அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் எனத் தெரிந்த காரணங்களை எல்லாம் கணக்கில் சேர்த்த பிறகும் வட்டாரத்தின் சுமை முழுவதும் கரைந்துபோகவில்லை.

அந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2013இல் வந்த முடிவு. ஒருவர் எந்தெந்த வயதில் அந்தப் பட்டைக்குள் வாழ்ந்தார் என்று பிரித்துப் பார்த்தபோது, தெரிந்த காரணங்களைக் கணக்கில் சேர்த்த பின்னும் 13 முதல் 18 வயதுவரை அங்கே வாழ்ந்ததுதான் பிற்காலப் பக்கவாதத்தோடு தொடர்ந்து இணைந்து நின்றது. ஐம்பது வயதில் வேறு மாநிலத்தில் குடியிருப்பவரின் நோய், அவர் பள்ளி சென்ற ஊரின் கணக்கில் எழுதப்பட வேண்டியதாக இருக்கலாம். நம் கணக்கெடுப்புப் படிவங்களோ இப்போதைய முகவரியை மட்டுமே கேட்கின்றன. வளர்ந்த இடத்தையும் கேளுங்கள் என்று படிவம் வகுப்பவர்களிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேள்வி நீளுகிறது என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது.

மார்ச் 11

பழக்கத்துக்குத் துளியும் பங்கில்லாத வட்டார நோய்களையும் மறக்க வேண்டாம். மண்ணில் அயோடின் குறைந்த இடங்களில் கழுத்துக்கழலை பரவியிருந்தது: அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றிய மாநிலங்கள், ஆல்ப்ஸ் மலைப்பகுதி, இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கு. மிச்சிகனில் 1924இல் அயோடின் கலந்த உப்பு விற்பனைக்கு வந்ததும் அங்கே கழலை குறைந்தது. யாருடைய குணமும் மாறவில்லை, உப்புதான் மாறியது.

சீனத்தின் ஹுவாய் ஆறு இன்னொரு சான்று. அந்த ஆற்றுக்கு வடக்கே உள்ள நகரங்களுக்குக் குளிர்காலத்தில் நிலக்கரி எரித்து வெப்பமூட்டும் வசதியை அரசு அளித்தது, தெற்கே அளிக்கவில்லை. காற்றில் கலந்த தூசின் விளைவாக ஆற்றின் வடகரையில் சராசரி ஆயுள் சுமார் 3.1 ஆண்டு குறைவு என்று 2017இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. இழப்பில் பெரும்பங்கு இதயமும் நுரையீரலும் சார்ந்தது. புகைக்காதவரும் அந்தப் புகையைச் சுவாசித்தார். குளிரில் வாடும் மக்களுக்கு நன்மை செய்ய எடுத்த முடிவு இது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

மார்ச் 12

"நான் பிறந்தது இப்படியொரு மோசமான வட்டாரத்தில். எனக்கும் அந்த நோய் உறுதியா?" என்று ஒருவர் அச்சத்தோடு எழுதியிருக்கிறார். இல்லை, ஐயா. வட்டாரத்தின் சராசரி தனிமனிதரின் விதியைச் சொல்லாது. டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1950இலேயே இதை எண்களால் நிறுவினார். அமெரிக்காவில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. தனிமனிதர்களாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் அது கூடுதலாக இருந்தது. எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் அவர்கள் குடியேறியிருந்ததே இதற்குக் காரணம். நோய்க் கணக்கிலும் அப்படித்தான்: பெரும்பாலும் இரு வட்டாரங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட, ஒரே வட்டாரத்தில் வாழும் இருவருக்கு இடையே உள்ள வேறுபாடு பெரிது. உங்கள் அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்துகொள்ளுங்கள். வரைபடத்தைவிட அந்த இரண்டு எண்களும் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

மார்ச் 15

புகையிலையைப் பற்றிய தனிக் கேள்வி. இந்தியாவில் 2016-17இல் நடந்த உலகளாவிய புகையிலைக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 28.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர், திரிபுராவில் 64.5, கோவாவில் 9.7. மாநிலங்களுக்கு இடையே உள்ள இடைவெளி மிக அகலமானது. அந்நாட்டில் புகைப்பவர்களைவிட மெல்லுபவர்களும் வாயில் அடக்குபவர்களும் ஏறத்தாழ இரு மடங்கு. மிசோரமில் புகையிலைப் புகையைத் தண்ணீருக்குள் செலுத்தி, துய்புர் என்னும் அந்த நீரை வாயில் அடக்கிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. "புகைக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்கும் கணக்கெடுப்பாளரிடம் அதைப் பயன்படுத்துபவர் இல்லை என்றே பதில் சொல்வார். தலைநகரில் வகுத்த கேள்வி எல்லா வட்டாரங்களுக்கும் பொருந்தாது. களத்துக்குப் போகும் முன் அந்தந்த வட்டாரத்துப் பொருள்களின் பெயர்களையும் படங்களையும் அட்டையில் சேர்த்துக்கொள்ள வேண்டும், அட்டையில் படத்தைக் கண்டதும் "ஓ, இதையும் சேர்த்தா கேட்கிறீர்கள்?" என்று பதிலை மாற்றிச் சொன்னவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 17

தம் பணிக்காக இரு வட்டாரங்களின் பழைய, புதிய கணக்குகளை ஒப்பிடவிருக்கும் இளைஞருக்கு இரண்டு விஷயங்கள்.

சிறிய வட்டாரங்களிடம் கவனமாக இருங்கள். அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய் இறப்பு மிக அதிகமான மாவட்டங்களை வரைந்தால் மக்கள்தொகை குறைந்த கிராமப்புறங்கள் வருகின்றன. மிகக் குறைவான மாவட்டங்களை வரைந்தாலும் கிராமப்புறங்களே வருகின்றன. சில நூறு பேர் வாழும் இடத்தில் ஒரே ஓர் இறப்பு வீதத்தை உச்சிக்கு ஏற்றும். அது நேராத ஆண்டில் வீதம் பூச்சியமாகும். பல ஆண்டுகளைச் சேர்த்தோ அண்டை மாவட்டங்களை இணைத்தோ கணக்கிடுங்கள்.

அடுத்தது, கணக்கெடுப்பின் முறை எந்த ஆண்டில் மாறியது என்று பாருங்கள். அமெரிக்காவில் 1984இல் 15 மாநிலங்களோடு தொடங்கிய தொலைபேசிக் கணக்கெடுப்பு, பின்னர் எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. 2011இல் கைபேசி எண்களையும் சேர்த்து, ஒவ்வொருவரின் பதிலுக்கும் கணக்கில் எவ்வளவு எடை தருவது என்ற முறையையும் மாற்றினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளையும் பிந்தைய ஆண்டுகளையும் ஒரே கோட்டில் இணைக்க வேண்டாம் என்று அதை நடத்துபவர்களே அறிவித்திருக்கிறார்கள். கைபேசி மட்டும் வைத்திருக்கும் இளைஞர்கள் உள்ளே வந்ததால் பழக்கங்களின் விகிதங்களும் நகர்ந்தன. நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் கணக்கிலும் அப்படியொரு ஆண்டு இருக்கக்கூடும். பின்னிணைப்பில் உள்ள முறையியல் குறிப்பை முதலில் படியுங்கள். கோடு அங்கே உடைந்தால் வரைபடத்திலும் அதை உடைத்தே காட்டுங்கள், மேலதிகாரி இணைக்கச் சொன்னாலும்.